சர்க்கரை, ஸ்டென்ட், ஒரு செம்பு மோர்: அப்பாவுக்காகச் செய்து பார்த்த முறை

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருஷம், இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம். போன மார்கழியில் யாரோ வாட்ஸப்பில் "நல்ல பாக்டீரியா மாத்திரை, இதய அடைப்பு கரையும்" என்று ஒரு வீடியோவை அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அப்பா முப்பது மாத்திரை உள்ள டப்பா ஒன்றோடு வந்து நின்றார். விலை 1,100 ரூபாய்.

உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அடைப்பெல்லாம் கரையாது. அதில் கிடைக்கக்கூடிய சின்ன நன்மையை வீட்டு மோரிலும் தேடலாம். ஆனால் எங்கள் வீட்டில் மோர் கலக்கிய விதமே தப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

முதலில், எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கல்லீரல் கொலஸ்ட்ராலை வைத்துத்தான், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பைத் தயாரிக்கிறது. லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் சில வகைகள் அந்தப் பித்த உப்பைக் குடலில் வைத்து மாற்றிவிடும். அப்படி மாறியதில் ஒரு பங்கு உடம்புக்குள் திரும்பாமல் மலத்தோடு போய்விடும். போனதை ஈடுகட்ட, கல்லீரல் இரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கொலஸ்ட்ராலை இழுக்கும். இது ஒரு வழி. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குவது இன்னொரு வழி. அவை குடல் சுவருக்கு நல்லது, உடம்பில் உள்ளுக்குள் ஓடும் அழற்சியும் குறையக்கூடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், டைப் 2 சர்க்கரைக்காரர்களுக்கு புரோபயாட்டிக் (அதாவது அந்த "நல்ல பாக்டீரியா") கொடுத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பிரஷரும் சராசரியாகக் கொஞ்சம் இறங்குகின்றன. கொலஸ்ட்ரால் விஷயத்தில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. மாரடைப்பு குறையும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் தயிர் டப்பாக்களில் ஒரு வாசகத்துக்கு அனுமதி கொடுத்ததைப் பலர் பகிர்ந்திருந்தார்கள். வாரம் இரண்டு கப்பாவது தயிர் சாப்பிட்டால் டைப் 2 சர்க்கரை வரும் அபாயம் குறையலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்பதுதான் அந்த வாசகம். அதுவும் இனிமேல் வரக்கூடியதைப் பற்றித்தான். ஏற்கெனவே வந்தவர்களுக்கு அது சொல்லப்படவில்லை.

ஆகவே சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையோ கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டினையோ அடைப்புக்கான மாத்திரைகளையோ நிறுத்திவிட்டு மோர் குடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

படி 1: தொடங்குமுன் எழுதிவையுங்கள்

எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), லிப்பிட் ப்ரொஃபைல் (கொலஸ்ட்ரால் சோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), ஒரு வாரத்துக்குக் காலை மாலை பிரஷர். பிரஷர் கருவி வாங்குவதென்றால் மேல்கையில் சுற்றும் வகையை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது எனக்குப் பிடிக்காது, கையை வைக்கும் உயரத்துக்கு ஏற்றபடி அதில் எண் மாறும்.

படி 2: தயிர்

உறை ஊற்றத் தெரியாதவர்கள் இதைப் படிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பால் மட்டும் டோன்டு பாலாக இருக்கட்டும், நீலப் பாக்கெட் போதும். அதில் கொழுப்பு 3 சதவீதம். ஃபுல் கிரீமில் 6. தயிர் கெட்டியாக வேண்டுமே என்று அம்மா ஆரஞ்சு பாக்கெட்டை விடமாட்டேன் என்றார். நீலத்தையே இன்னும் பத்து நிமிஷம் சுண்டக் காய்ச்சியதும் சமாதானம் ஆகிவிட்டார்.

ஒரு நேர்மையான குறிப்பு. எந்த உயிர், எவ்வளவு எண்ணிக்கை, என்ன பலன் என்று தெரிந்தால்தான் அதற்குப் புரோபயாட்டிக் என்று பெயர். வீட்டு உறையில் எந்தெந்த வகை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வீட்டுக்கு வீடு மாறும். உயிருள்ள பாக்டீரியா நிறைய இருக்கும் என்பது மட்டும் நிச்சயம். விலையும் குறைவு. எனக்கு அது போதும்.

படி 3: உப்பு (நான் சறுக்கிய இடம்)

அப்பா ஒரு நாளைக்கு ஒரு செம்பு மோர் குடிப்பார். கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நான்தான் கலக்குவேன். கல் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு அள்ளிப் போடுவது பழக்கம். பிரஷர் மட்டும் ஏன் 148க்குக் கீழே இறங்கவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, டாக்டர் கேட்டார்: "உப்பு எவ்வளவு சேர்க்கிறீங்க?"

"கம்மியாத்தான் சார்."

வீட்டுக்கு வந்து தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, வழக்கம்போல அள்ளிப் போட்டேன். 7 கிராம். நம்பாமல் மறுபடி போட்டேன், 8. மூன்றாவது தடவை கையை வேண்டுமென்றே சுருக்கியும் 6. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, பொரியல், அப்பளம் எதையும் தொடாமலே நான் அதைத் தாண்டிவிட்டேன். பிரஷரைக் கொஞ்சம் இறக்கலாம் என்று கொடுத்த மோரிலேயே பிரஷரை ஏற்றும் சாமானை அள்ளிப் போட்டிருக்கிறேன்!

ஒரேயடியாக உப்பை நிறுத்தினேன். இரண்டாவது மிடறிலேயே டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன்மா, இது மோரா, கழனித் தண்ணியா?"

ஆகவே படிப்படியாகத்தான் போகவேண்டும். முதல் வாரம் செம்புக்கு 4 கிராம், அடுத்த வாரம் 2, அப்புறம் ஒன்று. இப்போது அரை கிராம். உப்பு குறையும்போது வேறு ஏதாவது ருசி ஏற வேண்டும்: தட்டிய இஞ்சி, கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, கொத்தமல்லி, வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு துளி பெருங்காயம். எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது புளிப்பு. உறைந்த தயிரை இன்னும் இரண்டு மணி நேரம் வெளியே விட்டு, நன்றாகப் புளித்த பிறகு கடைந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரிவதில்லை. நாரத்தை இலை கிடைத்தால் ஒன்றைக் கசக்கிப் போடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், ஊறுகாய் என்று வைத்தால் இவ்வளவும் வீண். ஊறுகாயும் புளிக்கவைத்ததுதானே என்று கேட்பார்கள். நம் ஊர் ஊறுகாயில் பெரும்பாலானவை உப்பிலும் எண்ணெயிலும் கெடாமல் நிற்பவை. அதில் பாக்டீரியாவை எதிர்பார்க்காதீர்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்பூன் அளவை நான் நம்புவதில்லை, தூள் உப்பும் கல் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது.

படி 4: சூடு காட்டாதீர்கள்

மோர்க்குழம்பு ருசியானது. ஆனால் கொதித்த பிறகு அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. இட்லியும் அப்படித்தான், மாவில் இருந்தவை ஆவியில் போய்விடும். ஆவி பறக்கும் சோற்றில் தயிரைப் பிசைவதும் வேண்டாம். சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும்.

படி 5: சோற்றின் அளவு

தயிர் சாதம் என்றால் தயிரைவிடச் சாதம்தான் அதிகம். அப்பாவுக்கு வழக்கமான அளவு வைத்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தபோது 212. ஒன்றரைக் கரண்டிச் சோறு, நிறையத் தயிர், பக்கத்தில் வாழைத்தண்டுப் பொரியல் என்று மாற்றியபோது 168. ஒவ்வொருவருக்கும் எண் மாறும், நீங்களே குத்திப் பாருங்கள். வாழைத்தண்டு, சின்ன வெங்காயம், வெந்தயம் இவற்றின் நார்ச்சத்துதான் உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு. கடையில் விற்கும் இனிப்புத் தயிரும் பாட்டில் பானங்களும் வேண்டாம். லேபிளில் நூறு மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று பார்த்தால் நீங்களே திரும்ப வைத்துவிடுவீர்கள்.

ஆறு வாரம் கழித்து அப்பாவின் பிரஷர் 136. அதே சமயத்தில் மாலை நடையையும் கூட்டியிருந்தார், அதனால் மோருக்கு மட்டும் மாலை போட முடியாது. எச்பிஏ1சி பெரிதாக மாறவில்லை.

அந்த மாத்திரை டப்பா? டாக்டர் பார்த்துவிட்டு, தேவையில்லை என்றார். வாங்கத்தான் வேண்டும் என்றால், பாக்டீரியா வகையின் முழுப்பெயரும் அதன் குறியீடும் போட்டிருக்கிறதா, எண்ணிக்கை காலாவதி நாள் வரைக்குமா அல்லது தயாரித்த அன்றைக்கு மட்டுமா என்று பாருங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கீமோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. கொடுக்கப்பட்டவர்களிடையேதான் சாவு அதிகம்.

சேர்த்தது 1: இரண்டு பேர் "இந்துப்பு போடலாமே" என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு. சோடியம் குறைத்த உப்பு பற்றியும் கேள்வி வந்தது. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்ப்பார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்பாவும் டெல்மிசார்ட்டான்தான். அதனால் எங்கள் வீட்டில் கிடையாது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மோரின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமாகித் தண்ணீருக்கே அளவு சொல்லப்பட்டவர்களுக்கு மோரும் அந்த அளவுக்குள்தான்.

சேர்த்தது 2: தைராய்டு மாத்திரை போட்ட அரை மணியில் மோர் குடிப்பதாக ஒரு அக்கா எழுதியிருந்தார். வேண்டாம் அக்கா. பாலில் இருக்கும் கால்சியம் அந்த மாத்திரை உடம்பில் சேர விடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சேர்த்தது 3: கொடைக்கானலிலிருந்து ஒருவர் தயிர் உறையவே மாட்டேன் என்கிறது என்றார். கிண்ணத்தை ஹாட்பாக்ஸுக்குள் வைத்து, சுற்றிலும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடச் சொன்னேன். மறுநாள் போட்டோ அனுப்பியிருந்தார். தயிர் பிரமாதமாக உறைந்திருந்தது, பக்கத்துத் தட்டில் நான்கு மோர் மிளகாய்.