கவைக்கால் மாட்டுக்கொட்டகையைப் பழைய முறையில் மீட்டுக் கட்டுதல்

பண்ருட்டி, பாகூர்ப் பக்கத்துப் பழைய மாட்டுக்கொட்டகைகளில் கூரையின் பாரம் மண்சுவரில் இறங்குவதில்லை. உச்சியில் இரண்டாகப் பிரிந்த மரத்தூண்களான கவைக்கால்களே அதைத் தாங்குகின்றன. ஆகவே, பழுது பார்க்க இறங்குகிறவர் கீற்றைப் பிரிப்பதற்கு முன்பே கால்களின் அடியைச் சோதிக்க வேண்டும். தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில்தான் மரம் முதலில் உளுத்துப்போகும். அங்கே கத்தி முனையால் குத்தும்போது அது தடையின்றி விரலாழம் இறங்குமானால், அந்தக் காலை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புதிய காலுக்கு முற்றிய பலா ஏற்றது. வெளிறிய மேல்மரத்தைக் கரையான் விரும்பித் தின்னும் என்பதால், அதைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரம் எனப்படும் மஞ்சள் நிறக் கெட்டி மரத்தை மட்டும் நிறுத்த வேண்டும். கருங்கல்லின் மேல் நிறுத்திய கால் எளிதில் உளுக்காது என்பது உண்மைதான். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய இந்தக் கடலோரத்தில், மண்ணில் பிடிப்பில்லாத காலைக் காற்று கூரையோடு சேர்த்துத் தூக்கிவிடும். எனவே இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, நீர் தேங்காதபடி சுற்றிலும் செங்கல் ஜல்லியைக் கெட்டிப்பதே என் வழக்கம். குழி தோண்டும் முன் மூலைமட்டம் பார்க்க, ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்தால், குறுக்களவு சரியாக 5 அடி இருக்க வேண்டும்.

கவையின் பள்ளத்தை வாய்ச்சி என்னும் செதுக்கு கருவியால் செதுக்கி, உத்திரம் ஆடாமல் உட்காரும்படி செய்ய வேண்டும். உத்திரத்தின் மேல் சரிவாகக் கிடந்து கீற்றைத் தாங்கும் கைமரத்துக்குப் பனையே சிறந்தது. பனைக்கு வைரம் வெளிவிளிம்பில் இருப்பதால், உள்ளேயுள்ள மென்மையான சோற்றைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். மிச்சம் வைத்தால் பூச்சி அங்கேதான் குடியேறும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021இல் தமிழக அரசு அறிவித்ததால், பிரித்த வீடுகளின் பழைய வாரைகளை, அதாவது பனங்கைமரங்களை, தேடிப் பிடிப்பதே நல்லது; பல ஆண்டு காய்ந்த மரம் முறுக்கிக்கொள்ளாது என்பது கூடுதல் ஆதாயம்.

கைமரத்தை உத்திரத்தோடு தென்னங்கயிற்றால் கட்ட வேண்டும். ஒருமுறை அவசரத்தில் நேரடியாக ஆணி அடித்தேன். வாரை நாரோடு நாராகப் பிளந்துவிட்டது. ஆணிதான் வேண்டுமென்றால் முதலில் துளையிட வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பான இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீண்டால் காற்று அடியில் புகுந்து கூரையைப் பெயர்க்கும்.

கீற்று ஏற்றுவதற்கு முன், கட்டிய ஒவ்வொரு கைமரத்தின் நுனியையும் ஒருவர் பிடித்துப் பலமாக மேல்நோக்கி உந்திப் பார்க்க வேண்டும். உத்திரத்திலிருந்து அது இம்மியளவு எழும்பினாலும் அந்தக் கயிற்று முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்க வேண்டும்.