எத்தனை மாதம் முன்னால் புக் செய்வது? வெளிநாட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்தாலே, "எத்தனை மாசம் முன்னாடி புக் பண்ணணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒருத்தர் மூன்று மாதம் என்பார், இன்னொருத்தர் ஆறு மாதம் என்பார், வேறொருத்தர் கடைசி வாரத்தில் மலிவாக அடித்துப் பிடித்த கதையைச் சொல்வார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் விமானம், விசா, ஓட்டல், அங்கே பார்க்கப்போகும் இடத்தின் நுழைவுச்சீட்டு என எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. ஒவ்வொன்றும் விற்பனைக்கு வரும் நாள் வேறு, கைநழுவிப் போகும் நாள் வேறு.

பேசிக்கொண்டே போகாமல் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். சென்னையில் அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கோடை விடுமுறையில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, ஆம்ஸ்டர்டாம் போக ஆசை. பெரும்பாலான வீடுகளில் முதல் வேலையாக விமான டிக்கெட் விலையைப் பார்ப்பார்கள். எந்தத் தேதியில் மலிவோ அந்தத் தேதியைப் பிடிப்பார்கள். மே மூன்றாம் வாரம் மலிவாக இருக்கிறது, டிக்கெட்டும் போட்டாயிற்று என்று வையுங்கள். ஆம்ஸ்டர்டாம் பக்கம் போவதே துலிப் மலர்களுக்காகத்தான் என்றால், அந்த மலர்களுக்குப் பேர்போன கூக்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் பிற்பாதியில் திறந்து மே இரண்டாம் வாரத்தோடு மூடிவிடும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்துக்கு மூடிய கதவைத்தான் பார்க்கலாம். தேதியை விமான நிறுவனத்திடம் விட்டுவிடக் கூடாது. எதற்காகப் போகிறோமோ அது தேதியைச் சொல்லட்டும்.

தேதி முடிவானதும் கையில் எடுக்க வேண்டியது பாஸ்போர்ட். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும் என்பதால், பிள்ளைகளுடையது 5 ஆண்டுதான் என்பது பலருக்கு மறந்துவிடும். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து உட்பட ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளைத்தான் ஷெங்கன் நாடுகள் என்கிறார்கள். அவற்றுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறமும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவில் பெரும்பாலும் 6 மாதம் கேட்பார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு: பெயர். இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்கு, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருப்பது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தாலும், துபாயில் இரண்டு நாள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் இதைச் சரிபார்க்காமல் காசு கட்டக் கூடாது. டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் பெயர் இருக்க வேண்டும். பெயரைத் திருத்துவது, பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது எல்லாம் டிக்கெட்டுக்கு முன்னால் முடிய வேண்டிய வேலைகள்.

அடுத்தது விசா. இந்தப் பயணத்தின் உண்மையான கடிகாரம் இதுதான். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு, பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் எடுத்துக்கொள்வார்கள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை போகலாம். மே முதல் தேதி கிளம்புகிறவர் நவம்பரிலேயே விண்ணப்பிக்கலாம் என்று பொருள். ஆனால் பலரும் மார்ச் மாதம்தான் விசா மையத்தில் நேரம் பதிவு செய்யப் பார்க்கிறார்கள். ஊரே கோடை விடுமுறைக்கு வரிசையில் நிற்கும் நேரம் அது.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். விசாவுக்குத் தாமதமாகப் போவதால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பயத்தில், விசா வரும் முன்பே பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். விசா மறுக்கப்பட்டால் நாலு பேர் டிக்கெட்டும் போச்சு. தூதரகங்கள் கேட்பது பயண முன்பதிவைத்தான். விசா கிடைக்கும்வரை முழுப் பணம் கட்டி டிக்கெட் வாங்காதீர்கள் என்று அவர்களே சொல்வதும் உண்டு. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, டிசம்பர், ஜனவரியிலேயே விசா வேலையை முடிப்பது. பிப்ரவரியில் விசா கைக்கு வந்தால் மே மாத டிக்கெட்டை நிதானமாகப் பார்த்து வாங்க நேரம் இருக்கும். முன்பே வாங்கியாக வேண்டிய கட்டாயம் வந்தால், ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பதைப் படித்துப் பார்த்து, அந்தத் தொகை போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதும் ஓட்டல் கணக்கில்தான் இருக்கிறது. அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எந்த நாட்டுக்கு நேரம் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு, அதற்கேற்ப ஓட்டல் முன்பதிவைக் காட்டி, அப்புறம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடியேற்ற அதிகாரி கேட்கும்போது அவர்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

இனி விமான டிக்கெட். பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடும். திறந்த அன்றே வாங்கினால் மலிவு என்று நினைப்பது தவறு. ஒரே எகானமி வகுப்புக்குள்ளேயே பல விலைப் படிகள் உண்டு. எந்தப் படியில் எத்தனை இருக்கை விடுவது என்பதை விற்பனையைப் பார்த்து நிறுவனம் மாற்றிக்கொண்டே இருக்கும். மிக முன்கூட்டியே மலிவான படியைத் திறந்துவிட அவர்களுக்கு அவசரம் இல்லை. தவிர, அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் உலகம் முழுக்க விமான அட்டவணை மாறும் நாட்கள். ரொம்ப முன்னால் வாங்கிய டிக்கெட்டின் நேரம் நடுவில் மாறுவது சாதாரணம். மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டால், மாறிய நேரம் இணைப்பு விமானத்துக்கு ஒத்துவராமல் போனதுகூடத் தெரியாது.

என் கணக்கு இது: ஐரோப்பாவுக்கு இரண்டிலிருந்து ஐந்து மாதம், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம். பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் என்றால் இன்னும் கொஞ்சம் முன்னால். திசையையும் பாருங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் இருந்தாலும், பொங்கல் முடிந்த வாரத்தில் அங்கே வேலை பார்ப்பவர்கள் திரும்புவார்கள், இருக்கை நிறைந்துவிடும். செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, இன்காக்னிடோவில் (தேடியது கணினியில் பதியாத முறையில்) தேடினால் மலிவு என்பதையெல்லாம் நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூகுள் ஃப்ளைட்ஸில் அந்தத் தேதிக்கு விலை எச்சரிக்கை போட்டு வைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் ஏற்ற இறக்கம் பிடிபட்டுவிடும்.

குடும்பமாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மலிவான படியில் 3 இருக்கைதான் மிச்சம், நீங்கள் 4 பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், பொதுவாக நாலு பேருக்குமே அடுத்த படியின் விலையைத்தான் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். தலைக்கு விலை நிறைய வித்தியாசப்பட்டால் இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி வாங்கலாம். விமானம் ரத்தானால் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும் என்பது இதில் உள்ள தொல்லை. சில நூறு ரூபாய்க்காக அதை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சென்னையிலிருந்து துபாய் ஒரு நிறுவனம், துபாயிலிருந்து பாரிஸ் இன்னொரு நிறுவனம் என்று இரண்டு தனி டிக்கெட்டாக வாங்குவதும் அப்படித்தான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறதே, அங்கே மாறி பாரிஸ் போகலாம் என்று தோன்றும். இந்தியப் பாஸ்போர்ட்டும் ஷெங்கன் சுற்றுலா விசாவும் மட்டும் வைத்திருப்பவர், லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறுவதற்கும் பிரிட்டனின் டிரான்சிட் விசா வாங்க வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற நாட்டு விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

ஓட்டலுக்கு விதி நேர் எதிர். இலவசமாக ரத்து செய்யும் வசதி இருந்தால், தேதி முடிவான அன்றே போட்டுவிடுங்கள். விசாவுக்கும் அதுவே உதவும். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது அதே ஓட்டலின் விலையை மறுபடி பாருங்கள், குறைந்திருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம். அந்த ரத்துக் கெடு ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி என்பதைக் கவனியுங்கள். டோக்கியோவில் நள்ளிரவு என்றால் நமக்கு இரவு எட்டரை மணிதான். விசா வரும் முன் பணம் திரும்பாத அறையைப் போடுவதில் அர்த்தமே இல்லை.

நாலு பேர் தங்கும் அறைதான் முதலில் தீர்ந்துபோகும். ஐரோப்பிய நகரங்களில் இரண்டு பேர் அறையில் கூடுதல் மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்ற நம் ஊர் வழக்கம் பெரும்பாலும் செல்லாது. பிள்ளைகளின் வயதையும் சேர்த்துப் போட்டுத்தான் தேட வேண்டும். குடும்ப அறை கிடைக்காவிட்டால் இரண்டு அறை, இரண்டு மடங்கு காசு.

போகும் ஊரில் அந்த வாரம் என்ன விசேஷம் என்றும் பாருங்கள். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டிய ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்கிரான் என்ற புத்தாண்டுத் திருவிழா. ஏப்ரல் 29 தொடங்கி மே முதல் வாரம்வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை. பாலியில் எல்லோரும் வீட்டுக்குள் அமைதியாக இருக்கும் நியேபி என்ற புத்தாண்டு நாளன்று விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள்.

நுழைவுச்சீட்டு, ரயில் விஷயத்தில் எதற்கு அவசரம், எதற்கு இல்லை என்று பிரித்துக்கொண்டால் போதும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்ல அருங்காட்சியகத்துக்கு ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டை இணையத்தில் விடுகிறார்கள். அன்றே பார்க்காவிட்டால் கிடைப்பது கஷ்டம். ஈபிள் கோபுர லிஃப்ட் சீட்டு 60 நாள் முன்பு வரும். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் ரயிலின் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும், விசா வந்ததுமே வாங்கிவிடலாம். சுவிட்சர்லாந்தில் ரயில், பஸ், படகில் சுற்ற உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் எப்போது வாங்கினாலும் ஒரே விலை. அதைக் கிளம்பும் வாரத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, தேதி. சென்னையிலிருந்து கிளம்பும் பல நீண்டதூர விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான் புறப்படும். டிக்கெட்டில் 10-ஆம் தேதி 2.30 என்றிருந்தால், விமான நிலையத்துக்கு 9-ஆம் தேதி இரவே போயாக வேண்டும். சிங்கப்பூர் போகும் இரவு விமானத்தில் ஏறினால் விடியும்போது இறங்குவீர்கள், ஓட்டலில் அறை தருவது மதியம் 2, 3 மணிக்கு. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் முந்தைய இரவையும் சேர்த்தே அறை போடுங்கள். காலையில்தான் வருவோம் என்று ஓட்டலுக்கு எழுதிவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று அறையையே ரத்து செய்துவிடக்கூடும்.