குட்டைப் பட்டாணியை நெட்டையாக வளர்த்துப் பார்க்கும் சோதனை

மரபியலின் முன்னோடி கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில், நெட்டை, குட்டைப் பட்டாணிகளைக் கலந்து பெற்ற இரண்டாம் தலைமுறையில் 787 நெட்டைச் செடிகளும் 277 குட்டைச் செடிகளும் இருந்ததாகப் பதிவு செய்தார். அந்த வேறுபாட்டுக்குக் காரணமான ‘எல்இ’ மரபணு 1997இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஜிப்ரெலின் என்பது தாவர வளர்ச்சி ஹார்மோன்; அதன் செயலற்ற வடிவமான ஜிஏ20ஐ, தண்டை நீளச் செய்யும் ஜிஏ1 ஆக மாற்றும் நொதியை அந்த மரபணு உருவாக்குகிறது. குட்டைச் செடியில் அந்த நொதியின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் மாற்றம் பெரும்பாலும் தடைபடுகிறது. வளரும் திறனோ அப்படியே இருக்கிறது. அந்த மரபணுவின் இரு பிரதிகளில் சரியானது ஒன்றிருந்தாலே போதிய ஜிஏ1 கிடைத்துவிடுவதால்தான் நெட்டைப் பண்பு ஓங்கு பண்பாகிறது.

இதைச் சோதிக்க, முதலில் குட்டை, நெட்டை என இரு வகை விதைகளையும் ஒரே மண்ணில் விதையுங்கள். மங்கிய ஒளியிலும் தண்டு நீண்டுவிடும் என்பதால் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே அளவு நல்ல வெளிச்சம் கிடைக்க வேண்டும்.

அடுத்து, ஜிப்ரெலின் வகை ஹார்மோனான ஜிப்ரெலிக் அமிலம் 100 மில்லிகிராமைச் சிறிதளவு எத்தனாலில் கரைத்த பின், நீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். நேரடியாக நீரில் இட்டால் அது எளிதில் கரையாது. அதே அளவு எத்தனால் கலந்த வெறும் நீரையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீட்டுக் கரைசலை விட்டுவிட்டால் சோதனைக்கே பொருளில்லை.

சில இலைகள் விரிந்ததும், ஒவ்வொரு வகையிலும் பாதிச் செடிகளின் நுனியில் ஹார்மோன் கரைசலையும் மீதிச் செடிகளில் ஒப்பீட்டுக் கரைசலையும் சொட்டுங்கள். பின்னர் சில நாட்களுக்கு ஒருமுறை மொத்த உயரத்தோடு கணுக்களின் எண்ணிக்கையையும் கணுவிடை நீளத்தையும் குறித்து வாருங்கள். என் பார்வையில் இந்தச் சோதனையின் உயிர்நாடி கணுவிடை அளவுதான்: ஹார்மோன் பெற்ற குட்டைச் செடியில் கணுக்கள் பெரிதாகக் கூடுவதில்லை, அவற்றுக்கு இடையிலான தண்டுதான் நீள்கிறது. ஜிப்ரெலிக் அமிலம் ஏற்கெனவே செயல்திறன் உள்ள வடிவம் என்பதால், பழுதான நொதியின் உதவி அதற்குத் தேவையில்லை. நெட்டைச் செடியில் விளைவு மிகக் குறைவாகவே தெரியும்.

மரபணு மாறவில்லை என்பதால், இப்படி உயர்ந்த செடி தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுத் தரும் விதைகளிலிருந்து மீண்டும் குட்டைச் செடிகளே முளைக்கும். ஜிப்ரெலிக் அமிலம் இட்டும் அவ்வளவாக நீளாத குட்டைச் செடிகளும் உண்டு. எடுத்துக்காட்டாக, ‘எல்கேபி’ எனும் திடீர்மாற்ற வகையில் குறைபாடு பிராசினோஸ்டீராய்டு எனும் வேறொரு ஹார்மோனின் தயாரிப்பில் இருக்கிறது.