எஞ்சின் சூடேறும்போது செய்யக் கூடாதவை

வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைத் திருகுவது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. பெரும்பாலான கார்களில் அந்த மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே தக்கவைப்பதால்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி தளர்ந்தால் அழுத்தம் இறங்கி, அது நொடியில் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது ரப்பர் குழாயைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு எஞ்சின் ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும்.

குறைந்த கூலன்டை நிரப்பிவிட்டு அத்துடன் விட்டுவிடுவது அடுத்த தவறு. மூடிய சுற்றில் ஓடும் திரவம் அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்பின் அடிப்பகுதி, ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் காய்ந்து படிந்த நிறக்கறையைத் தேடுங்கள். வெளியே தடயமே இல்லாமல், ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த டீ நிறத்தில் பசை ஒட்டியிருந்து, சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

பணத்தை வீணாக்குவது, எப்போது சூடேறுகிறது என்று கவனிக்காமலே பாகங்களை மாற்றுவதுதான். நெரிசலில் நிற்கும்போது சூடு ஏறி, ஓடத் தொடங்கியதும் சூடு இறங்கினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் ஃபேன் சுழல வேண்டும், சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். எஞ்சின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலக்கூடும் என்பதால் விரல்களை விலக்கியே வையுங்கள். மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்போ, சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்துக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் சரியாகத் திறக்காததோ காரணமாக இருக்கலாம்.

அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அப்படி ஓட்டினால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். பழையதைப் பாத்திரத்து நீரில் போட்டுச் சூடாக்கினால், பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாக மாற்றுங்கள்.

போர்வெல் தண்ணீரை நிரப்பாதீர்கள். அதன் உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். கூலன்டை நிறம் பார்த்து வாங்காமல், கையேட்டில் குறிப்பிட்ட வகையை டிஸ்டில்ட் வாட்டருடன் அதில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். வடித்த கூலன்ட் இனிப்பான நஞ்சு என்பதால், குழந்தைகளும் நாய்களும் எட்டும் இடத்தில் அதைத் திறந்து வைக்கவே கூடாது.