லாகோஸில் வரைந்த படத்தை உலகத்துக்கு விற்பது எப்படி? தொடக்கநிலை என்எஃப்டி வழிகாட்டி

நைஜீரியாவின் அபா நகரில் வளர்ந்த ஒசினாச்சி படம் வரைவது மைக்ரோசாஃப்ட் வேர்டில். ஆமாம், நாம் விண்ணப்பம் அடிக்கும் அதே வேர்டுதான். அதில் உள்ள வடிவங்களையும் வண்ணங்களையும் அடுக்கியே முழு மனித உருவங்களைக் கொண்டுவந்துவிடுவார். 2021 அக்டோபரில் அவருடைய படங்கள் லண்டன் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் என்எஃப்டியாக விற்பனைக்கு வந்தன. என்எஃப்டி என்பது ஒரு டிஜிட்டல் படத்துக்காக பிளாக்செயினில் பதிவாகும் உடைமைச் சான்று, அதை டோக்கன் என்பார்கள். பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் பொதுக் கணக்குப் பேரேடு.

கிறிஸ்டிஸ் என்றதும் மனம் கோடிக்கணக்கில் கணக்குப் போடும். அதை ஓரமாக வைத்துவிடலாம், அந்தக் கதவு வெகுசிலருக்கே திறக்கும். மற்றவர்களுக்குக் கிடைப்பது இன்னும் சாதாரணமானது, ஆனால் அன்றாடம் உதவுவது. கேன்வாஸைச் சுருட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவில்லை, கண்காட்சிக்காக விசா வரிசையில் நிற்க வேண்டாம், வாங்குபவர் கொடுக்கும் பணம் சில நிமிடங்களில் வந்து சேரும். நைஜீரியாவில் பேபால் கணக்கு வைத்திருந்தவர்களால் பல ஆண்டுகள் பணம் அனுப்பத்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்குப் பணம் அனுப்பினால் சராசரியாக 8 சதவீதம் அளவுக்குக் கட்டணத்திலேயே கரைந்துவிடும். இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் பிளாக்செயினின் பயன் புரியும்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் டேப்லட்டில் வரையும் ஓவியர் ஒருவர் தன் முதல் படத்தை விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: படத்தைத் தயார் செய்யுங்கள்

நல்ல தெளிவுள்ள பிஎன்ஜி அல்லது ஜேபெக் கோப்பு போதும். படம் முழுக்க முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும். மரபு வடிவங்களைக் கையாளும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். கானாவின் 2005ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நாட்டார் கலை வடிவங்களின் உரிமை மக்கள் சார்பாகக் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. யார் முதலில் வரைந்தார் என்று தெரியாத அடிங்க்ரா (பொருள் பொதிந்த சின்னங்கள்), கென்டே (நெய்த துணி) வடிவங்களும் அதில் அடக்கம். அக்ராவில் இருந்துகொண்டு அடிங்க்ரா சின்னத்தை அப்படியே எடுத்து விற்பதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

படி 2: வாலட் திறவுங்கள்

வாலட் என்பது கிரிப்டோ நாணயத்தையும் டோக்கனையும் கையாளும் ஆப். டெசோஸ், எத்தீரியம் என்பவை இரண்டு பிளாக்செயின்கள். டெசோஸுக்கு டெம்பிள் அல்லது குகாய், எத்தீரியத்துக்கு மெட்டாமாஸ்க். புதிதாக வாலட் திறக்கும்போது பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் திரையில் வரும். அவற்றைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கிறதோ, பணமும் அவர் கையில்தான். தொலைத்துவிட்டால் மீட்டுத் தர வாடிக்கையாளர் சேவை மையம் என்று எதுவும் கிடையாது.

படி 3: எந்த பிளாக்செயின்?

2021இல் எத்தீரியத்தில் ஒரு படத்தைப் பதிவுசெய்யும் கட்டணம் மட்டுமே சில நேரங்களில் 100 டாலரைத் தாண்டியது. ஒரு படம்கூட விற்காத ஓவியரை அவ்வளவு பணம் கட்டச் சொல்வது அநியாயம். டெசோஸில் சில சென்ட்தான். தொடங்குபவர்கள் டெசோஸில் தொடங்கட்டும் என்பதே என் கட்சி. பெயர் கிடைத்த பிறகு எத்தீரியம் பக்கம் போகலாம், சேகரிப்பாளர்களின் பெரிய பணம் இன்னமும் அங்கேதான். மின்சாரத்தை விழுங்குகிறது என்ற பழைய குற்றச்சாட்டு இப்போது எத்தீரியத்துக்கும் பொருந்தாது. 2022 செப்டம்பரில் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றியதும் அதன் மின் பயன்பாடு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

படி 4: மின்ட் செய்யுங்கள்

மின்ட் என்பது படத்தை பிளாக்செயினில் டோக்கனாகப் பதிவுசெய்வது. டெசோஸ் என்எஃப்டிகளை விற்கும் ஆப்ஜெக்ட் போன்ற தளத்தில் வாலட்டை இணைத்து, முதலில் உங்கள் பெயரில் ஒரு தொகுப்பு உருவாக்குங்கள். அப்புறம் கோப்பை ஏற்றி, தலைப்பு, விளக்கம், எத்தனை பிரதிகள், ராயல்டி (மறுவிற்பனையில் ஓவியருக்கான பங்கு) எத்தனை சதவீதம் என்று நிரப்பி, வாலட்டில் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. ஒரே பிரதியை 500 டாலருக்கு வைத்துக் காத்திருப்பதைவிட, 20 பிரதிகளை 5 டாலருக்கு வைப்பது புதியவருக்கு நல்லது. இருபது பேருக்கு உங்கள் பெயர் தெரியும். விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: டோக்கனை வாங்குபவருக்குப் பதிப்புரிமை போகாது, அது ஓவியரிடமே இருக்கும்.

தளம் மூடிவிட்டால் படம் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. டெசோஸில் கொடிகட்டிப் பறந்த ஹிக் எட் நுங்க் தளத்தை 2021 நவம்பரில் திடீரென மூடிவிட்டார்கள். டோக்கன்கள் பிளாக்செயினிலும் படங்கள் ஐபிஎஃப்எஸ் என்ற பரவலான சேமிப்பு முறையிலும் இருந்ததால், பயனர்களே சேர்ந்து தெயா என்ற புதுத் தளத்தைக் கட்டி எழுப்பினார்கள். ஆனாலும் மூலக் கோப்பின் நகல் உங்கள் வன்தட்டில் இருக்கட்டும்.

படி 5: ராயல்டியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்

ஆப்பிரிக்கக் கலைஞர்களிடம் என்எஃப்டியைக் கொண்டுபோனவர்கள் அதிகம் சொன்ன வாக்குறுதி இதுதான்: படம் கைமாறும்போதெல்லாம் 10 சதவீதம் உங்களுக்கு. ஓவியரிடம் மலிவாக வாங்கிய படம் பின்னாளில் பெரும் விலைக்குப் போகும்போது அவருக்கு எதுவும் வராத பழைய கதைக்கு இது மருந்து என்றார்கள். பாதி உண்மை. எத்தீரியத்தில் ராயல்டிக்கான பொதுத் தரம், சதவீதம் எவ்வளவு, யாருக்கு என்று தளத்துக்குச் சொல்லும், அவ்வளவுதான். கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது. 2023 ஆகஸ்டு கடைசியோடு பெரிய என்எஃப்டி சந்தையான ஓபன்சீ கட்டாய வசூலைக் கைவிட்டதும் அது பெரும்பாலும் வாங்குபவர், விற்பவரின் விருப்பமாகிவிட்டது. சதவீதத்தை நிரப்புங்கள், வந்தால் லாபம். முதல் விற்பனையின் விலையை மட்டும் வைத்துக் குடும்பக் கணக்குப் போடுங்கள்.

படி 6: வாங்குபவரைத் தேடுங்கள்

மின்ட் செய்த படம் தானாக விற்காது. எக்ஸ் தளத்தில் வரையும் முறையைக் காட்டுங்கள், சக ஓவியர்களின் படங்களை ஒன்றிரண்டு வாங்குங்கள். உங்கள் படத்துக்குப் பெரிய தொகை பேசி, நாம் கேள்விப்படாத ஒரு தளத்தில் விற்கச் சொல்லி, பணத்தை எடுக்க முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் தனிச்செய்தி நூற்றுக்கு நூறு மோசடி.

படி 7: பணத்தைக் கையில் எடுங்கள்

விற்றதும் வாலட்டில் வருவது டெசோஸ் நாணயம். விலை ஏறி இறங்கும் என்பதால் சீக்கிரமே கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் பரிமாற்றகத்துக்கு அனுப்பி, டாலர் மதிப்போடு ஒட்டி நிற்கும் யுஎஸ்டிசி போன்ற ஸ்டேபிள்காயினாக மாற்றிவிடுங்கள். அனுப்பும் முன் அந்தப் பரிமாற்றகம் டெசோஸை ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவின் நாணயமான நைராவும் வேகமாகச் சரிந்தது: 2023 ஜூனுக்கு முன் ஒரு டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது, 2024 தொடக்கத்திலேயே 1,500ஐத் தாண்டியது. தேவைப்படும்போது மட்டும் நைராவாக மாற்றிய ஓவியர்கள் பிழைத்தார்கள்.

நைஜீரிய மத்திய வங்கி 2021 பிப்ரவரியில் வங்கிகள் கிரிப்டோ கணக்குகளுக்குச் சேவை தரக் கூடாது என்றது, 2023 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பி முறை ஊன்றிவிட்டது. அதில் உங்கள் நாணயத்தைப் பரிமாற்றகம் பிடித்து வைத்திருக்கும். வாங்குபவர் உங்கள் வங்கிக் கணக்கில் நைரா போட்டதும் நீங்கள் பொத்தானை அழுத்தி விடுவிக்க வேண்டும். ஏமாற்றுவது இங்கேதான்: பணம் வந்துவிட்டதாக வங்கியின் பெயரில் ஒரு போலிக் குறுஞ்செய்தி வரும். லாகோஸில் சந்தைக் கடைக்காரர்களே 'ஃபேக் அலர்ட்' என்று எச்சரிக்கும் அளவுக்குப் பிரபலமான தந்திரம் அது. குறுஞ்செய்தியைப் பார்க்காதீர்கள். வங்கியின் ஆப்பைத் திறந்து, கணக்கில் இருப்பு கூடியிருக்கிறதா, அனுப்பியவரின் பெயரும் பரிமாற்றகத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.