மூதூருக்கு மூட்டை கட்டும் முன்

மகாவலி கங்கை பெருகி மூதூர், கிண்ணியாப் பக்கம் வெள்ளம் என்றால், திருகோணமலை நகரில் உடனே நிவாரணத்துக்கென்று பழைய துணி மூட்டைகள் எழும். அதற்கு முன் அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தரையோ பாடசாலை அதிபரையோ அழைத்து, என்ன குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பணமே மேல். துணியைத் தரம் பிரிக்க ஆள் வேண்டும், லொறி வேண்டும், நனையாத இடம் வேண்டும். பணமிருந்தால் பால்மாவையும் நுளம்புத்திரியையும் கிண்ணியாக் கடையிலேயே வாங்கிவிடலாம், கடைக்காரருக்கும் வியாபாரம்.

வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றைக் குழந்தையின் படத்தைக் கண்டு அவசரப்படவும் வேண்டாம். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஒரு சிறுமியின் கதையை மட்டும் படித்தவர்கள் கையிலிருந்த 5 டொலரில் சராசரியாக 2.38 கொடுத்தார்கள், இலட்சக்கணக்கானோர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் கொடுத்தது 1.14தான். மனம் போடும் கணக்கு அப்படி! படத்தை அனுப்புபவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். வங்கிக் கணக்கு யார் பெயரில், பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்டுவிட்டே அனுப்புங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரை விட்டுவிடலாம்.

கொஞ்சம் மிச்சமும் வைத்திருங்கள். வெள்ளம் வடிந்து பாடசாலை திறந்ததும் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பியும் சப்பாத்தும் தேவைப்படும். அப்போது கேட்டு வருபவர்கள் குறைவு.