பக்கெட் பின்னும் ட்ராக் ரோலரும்: என் காலை வேலை

குவாரியில் இருபது டன் பொக்லைன் ஓட்டுகிறேன். மாலையே பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிடுவேன். காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன், பக்கெட்டை வண்டியின் கையோடு இணைக்கும் பின்களுக்கு கிரீஸ் கன்தான். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளை முதலில் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் கல்தூளும் சேர்ந்து உள்ளே போகும். பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் பிதுங்கினால், அங்கே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைப் பாருங்கள்.

அப்புறம் ட்ராக் ரோலர், அதாவது ட்ராக் எனும் சங்கிலிப் பட்டைமேல் உருளும் சக்கரம். இதற்குள்ளே ஆயில். ஓரத்தில் ஈரமண் அப்பியிருந்தால் சீல் கசிகிறது. சந்தேகமா? கொஞ்ச தூரம் ஓட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, புறங்கையை அருகில் கொண்டுபோங்கள். மற்றவற்றைவிட அதிகம் சுடுகிற ரோலரில் ஆயில் குறைந்திருக்கலாம்.

ட்ராக்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் ட்ராக் டென்ஷன் வால்வை மட்டும் ஒரு சுற்றுக்கு மேல் திறக்கவே வேண்டாம், எதிரே முகத்தையும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பீறிடும் கிரீஸ் தோலையே துளைத்துவிடும்.